இன்டர்வியூல எந்த குணம் எடுபடும், அதை எப்படி காட்டுறது? நம்மூரு பிள்ளைகளுக்கு முழு வழிகாட்டி

மதுரைக்கு பக்கத்துல கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் ஒரு கம்பெனில ஆள் எடுக்குற பேனல்ல உக்காருறவன் நான். பிரஷ்ஷர்ஸ் இன்டர்வியூ வச்ச அன்னைக்கு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் காதுல விழுறது ஒரே பாட்டுதான். "ஐ ஆம் ஹார்ட் வொர்க்கிங், சின்சியர், பங்க்சுவல், குட் டீம் பிளேயர் சார்." பொய் சொல்றாய்ங்கன்னு நாங்க நினைக்கிறதில்ல, ஆனா முந்தி வந்தவனும் அதையேதான் சொன்னான், அடுத்து உள்ள வரப்போற பொண்ணும் அதையேதான் சொல்லும், அப்புறம் நாங்க பேப்பர்ல என்னத்த எழுதுறது? பேனா ஓட ஆரம்பிக்கிறது நடந்த விஷயம் ஒன்னை எடுத்து விடும்போதுதான்.

பேனல்ல இருக்குறவன் எத்தனை கேள்வி கேட்டாலும் உள்ளுக்குள்ள ஓடுறது ஒன்னுதான்: இந்தாளுகிட்ட ஒரு வேலையை ஒப்படைச்சுட்டு நான் நிம்மதியா வீட்டுக்கு கெளம்பலாமா? இந்த கேள்விக்கு "ஆமா"ன்னு பதில் வர்ற மாதிரி நீங்க எப்படி தயாராகுறதுன்னுதான் கீழ வரிசையா சொல்லப் போறேன். மார்க்கு, டெக்னிக்கல் கேள்வி எல்லாம் தனிக்கதை, அதுக்குள்ள போகல.

படி 1: எந்த வேலைன்னு பாத்துட்டு குணத்தை எடுங்க

எல்லா சீட்டுக்கும் ஒரே குணம் செல்லாது. குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்கு வந்தவன் "எல்லாரோடயும் அனுசரிச்சுப் போவேன் சார்"னு அழுத்தி அழுத்தி சொன்னா எனக்கு வயித்துல புளியை கரைக்கும். ஷிப்ட் முடியப்போற நேரத்துல சூப்பர்வைசர் வந்து "லேசா தான தம்பி கீறல் இருக்கு, இந்த லாட்டை விட்ரு"ன்னா இவன் அனுசரிச்சு விட்ருவானே! அங்க வேண்டியது "முடியாதுண்ணே, ரிஜெக்ட் தான்"னு மூஞ்சிக்கு நேரா, ஆனா சண்டை இல்லாம சொல்ற ஆளு. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைல சேல்ஸ்னா கதையே வேற, மலை மாதிரி சேலையை பிரிச்சுப் போட சொல்லிட்டு ஒன்னுகூட எடுக்காம எந்திரிச்சுப் போற குடும்பத்தை சிரிச்ச முகத்தோட அனுப்பி வைக்கிற பொறுமை வேணும். ஆஸ்பத்திரி பிரன்ட் ஆபீஸ்னா பதட்டத்துல கத்துறவங்க முன்னாடி நீங்க பதறக்கூடாது. இலந்தைகுளம், வடபழஞ்சி எல்காட் பார்க்ல இருக்குற ஐடி கம்பெனினா, புரியலைன்னா வெள்ளெனவே கேட்டுர்ற பழக்கம் பெரிய சொத்து, ரெண்டு நாள் வாயை மூடி முட்டிக்கிட்டு கிடந்துட்டு மூணாம் நாள் "எனக்கு புரியல"ங்குறவனால டீமே தாமசமாகும்.

விளம்பரத்தை வச்சே பாதி கண்டுபிடிக்கலாம். "ரொட்டேஷனல் ஷிப்ட்"னு போட்டிருந்தா லீவு போடாம வருவியான்னுதான் அவங்க கவலை. "டார்கெட்"னு இருந்தா பத்து பேரு வேண்டாம்னு சொன்னாலும் பதினோராவது ஆளுக்கு போன் போடுவியான்னு பாப்பாங்க. "மினிமம் சூப்பர்விஷன்"னா சொல்லித்தர பக்கத்துல ஆள் இருக்காதுன்னு அர்த்தம். மீதி பாதிக்கு, ஷிப்ட் மாறுற நேரத்துல கம்பெனி கேட்டுக்கு எதுத்த டீக்கடைல போய் நில்லுங்க. அங்க வேலை பாக்குற அண்ணன்மாருகிட்ட "இங்க எந்த மாதிரி ஆளு நிலைப்பாங்கண்ணே"ன்னு கேட்டா வெப்சைட்ல இல்லாததெல்லாம் வரும்.

பாத்துட்டு வந்து ரெண்டு, இல்ல மூணு குணம் மட்டும் எழுதிக்கங்க. பத்து எழுதுனா ஒன்னுக்கும் சாட்சி தேறாது.

படி 2: உங்க வாழ்க்கைல சாட்சி தேடுங்க

"எனக்கு எக்ஸ்பீரியன்ஸே இல்லையே சார், நான் என்னத்த சொல்றது"ன்னு பாதிப்பேரு இந்த எடத்துலதான் உக்காந்துருவாய்ங்க. சம்பளம் வாங்குன வேலை மட்டும்தான் அனுபவம்னு யாரு சொன்னா? ஒரு நோட்டை எடுத்து இதெல்லாம் எழுதிப் பாருங்க: அப்பா கடைல கல்லாவுல உக்காந்தது, சித்திரைத் திருவிழாவுக்கு தெருக்காரங்க சேர்ந்து நீர்மோர் பந்தல் போட்டப்ப வசூலுக்கு கணக்கு எழுதுனது, என்எஸ்எஸ் கேம்ப், பக்கத்து வீட்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது, டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு சாப்பாடு டோக்கன் பாத்தது, பாட்டியை ராஜாஜி ஆஸ்பத்திரில சேத்துட்டு ராத்திரி கூட இருந்துக்கிட்டே செமஸ்டர் எழுதுனது, அரியரை ஒவ்வொன்னா கிளியர் பண்ணது. ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல "இதுல என்ன சிக்கல் வந்துச்சு, நான் என்ன செஞ்சேன்"னு ஒரு வரி. சிக்கல் எதுவும் வரலைன்னா அதை அடிச்சுருங்க, அது கதைக்கு ஆகாது.

ஒரு தடவை திருமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு பையன் வந்தான், டிப்ளமா மெக்கானிக்கல், மார்க்கு சுமார்தான். டீம் வொர்க் பத்தி கேட்டதுக்கு, லீவு நாள்ல கல்யாண வீட்டுக்கு பரிமாறப் போவேன் சார்னு ஆரம்பிச்சான். ரெண்டாம் பந்தில கூட்டம் எதிர்பாத்ததை விட ஜாஸ்தியாயிருச்சாம், முத வரிசை இலைக்கு வச்சு முடிக்கும்போதே பீன்ஸ் பொரியல் பத்தாதுன்னு இவனுக்கு தெரிஞ்சு போச்சு. வாளியை கீழ வச்சுட்டு நேரா சமையல் மாஸ்டர்கிட்ட ஓடி "இன்னும் ரெண்டு வரிசைக்குத்தான் வரும்ணே"ன்னு சொல்லிருக்கான், திரும்பி வந்து கூட பரிமாறுன பயலுக கைல இருந்த பெரிய கரண்டியை வாங்கிட்டு சின்ன கரண்டியை குடுத்து "மொதல்ல கொஞ்சமா வைங்கடா, கேட்டா மறுபடி வைப்போம்"ன்னுருக்கான். மாஸ்டர் அவசரமா ஒரு கோஸ் பொரியலை தாளிச்சு இறக்குற வரைக்கும் தாக்குப் பிடிச்சிருச்சாம், இலைல உக்காந்த யாருக்கும் விஷயமே தெரியல. எங்க புரொடக்ஷன் ஹெட்டு நிமிந்து உக்காந்துட்டாரு. லைன்ல மெட்டீரியல் தீரப்போறதை முன்கூட்டியே பாத்து ஸ்டோருக்கு சொல்லி, சொல்லிட்டு சும்மா நிக்காம கையில இருக்குறதை வச்சு ஓட்டுறதுக்கு ஆளு கிடைக்காமத்தான் அவரு தவிச்சுக்கிட்டு இருந்தாரு. அந்தப் பையன் "டீம் பிளேயர்"ங்குற வார்த்தையை கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.

படி 3: சொல்ற விதத்தை செதுக்குங்க

இங்கிலீஷ்ல இதுக்கு ஸ்டார் முறைன்னு பேரு வச்சிருக்காங்க: நிலைமை என்ன, உங்க பொறுப்பு என்ன, நீங்க என்ன செஞ்சீங்க, முடிவு என்ன ஆச்சு. நாலுலயும் மூணாவதுக்குத்தான் நேரம் ஜாஸ்தி குடுக்கணும். நம்மாளுக நிலைமையை சொல்லவே பாதி நேரத்தை தின்னுருவாய்ங்க, "அது வந்து சார், எங்க காலேஜ்ல வருஷா வருஷம் கல்ச்சுரல்ஸ் நடக்கும், அதுக்கு ஒரு கமிட்டி இருக்கும், அதுல ரெண்டு பிரிவு..."ன்னு போகும்போதே பேனல்ல ஒருத்தரு செல்போனை எடுத்துருவாரு. மொத்தம் ஒன்றரை நிமிஷம், மிஞ்சிப் போனா ரெண்டு. போன்ல ரெக்கார்டு பண்ணி கேட்டுப் பாருங்க, கேக்கவே சகிக்காது, ஆனா நாலாவது தடவைல தேறிரும். மனப்பாடம் மட்டும் வேண்டாம், நடுவுல ஒரு வார்த்தை மறந்துச்சுன்னா மொத்தமும் நின்னுரும்.

இன்னொரு விஷயம், இது நம்ம வளர்ப்புலயே இருக்குற சிக்கல். "நான் செஞ்சேன்"னு சொன்னா பெருமை பீத்துற மாதிரி ஆயிரும்னு எல்லாத்தையும் "நாங்க பண்ணோம் சார், நாங்க முடிச்சோம் சார்"னு சொல்லுவாய்ங்க. அடக்கம் நல்லதுதான், ஆனா அந்த "நாங்க"ல நீங்க எங்க நின்னீங்கன்னு எனக்கு தெரியணும்ல? "நாலு பேரு சேந்து பண்ணோம் சார், அதுல ஸ்பான்சர் புடிக்கிறது என் வேலை, நான் கீழவாசல்ல கடை கடையா ஏறி இறங்குனேன்"னு சொல்லுங்க. கூட இருந்தவனுக்கு உள்ள பேரையும் குடுத்தாச்சு, உங்க பங்கும் வந்துருச்சு. புளுக மட்டும் கூடாது, ஏன்னா அடுத்த கேள்வி "எத்தனை கடை, எவ்வளவு வந்துச்சு, தர மாட்டேன்னவங்ககிட்ட என்ன சொன்னீங்க"ன்னு வரும், செய்யாதவனுக்கு அங்கதான் வேர்க்கும்.

படி 4: உங்களை நம்பலாம்னு காட்டுங்க, மத்ததெல்லாம் பின்னாடி

குணத்துல எது பெருசுன்னு கேட்டா என் ஓட்டு ஒன்னுக்குத்தான்: சொன்னா சொன்னபடி முடிக்கிறது. இது என் சொந்த சரக்கு மட்டும் இல்ல. 1991ல பாரிக், மவுண்ட்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்னா போட்டு அலசுனாங்க. மேனேஜர், போலீஸ், சேல்ஸ், படிச்ச தொழில்காரங்க, தொழிலாளிகன்னு அஞ்சு வகை வேலையிலும் நல்லா வேலை பாக்குறதோட ஒட்டி வந்த ஒரே குணம் இந்த பொறுப்புணர்வுதான். கலகலன்னு பழகுற குணம் மேனேஜர் வேலைக்கும் சேல்ஸ் வேலைக்கும்தான் கை குடுத்துச்சு. அதனால "நான் அதிகம் பேச மாட்டேனே, என்னை எவன் எடுப்பான்"னு நினைக்கிற கூச்ச சுபாவக்காரங்க தைரியமா வரலாம், உங்களுக்கான சீட்டு நிறைய இருக்கு.

பொறுப்பை எதுல காட்டுறது? பைல்ல இருந்தே ஆரம்பிக்கலாம். பத்தாவது, பன்னெண்டாவது மார்க் ஷீட், டிப்ளமா இல்ல டிகிரி சர்டிபிகேட், டிசி, ஆதார், பான் எல்லாம் வரிசையா, ஒவ்வொன்னுக்கும் பின்னாடி ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு, ரெஸ்யூம் மூணு காப்பி. "கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் இருக்கா"ன்னு கேட்ட உடனே புரட்டாம எடுத்துக் குடுக்குறவனையும், பைய தலைகீழா கவுத்துத் தேடுறவனையும் நாங்க பாத்துக்கிட்டேதான் இருக்கோம்.

அப்புறம் நேர்மை. "உன் வீக்னஸ் என்ன"ன்னா "நான் ரொம்ப பெர்ஃபெக்ஷனிஸ்ட் சார்", "ஓவரா வேலை பாப்பேன் சார்". இந்த பதிலை எவனோ யூடியூப்ல சொல்லிக் குடுத்துருக்கான், அவனை நான் தேடிக்கிட்டு இருக்கேன். உண்மையான குறை ஒன்னை சொல்லுங்க, அந்த வேலைக்கே ஆகாத குறையா இருக்க வேண்டாம், அதுக்கு நீங்க என்ன பண்றீங்கன்னும் சேத்து சொல்லுங்க. "வாயால சொல்ற வேலையை மறந்துருவேன் சார், அதனால சட்டைப்பைல குட்டி நோட்டு வச்சு எழுதிக்குவேன்"னு சொல்லி நோட்டை எடுத்துக் காட்டுனா அதோட அந்த கேள்வி முடிஞ்சுச்சு. அரியர் இருந்துச்சா, நடுவுல ஒரு வருஷம் சும்மா இருந்தீங்களா, மறைக்காதீங்க, சர்டிபிகேட்ல தேதி இருக்கு. "வீட்ல ஆள் இல்ல, வயல் வேலை பாத்தேன், அப்புறம்தான் எழுதி முடிச்சேன்"னு ரெண்டு வரில சொல்லிட்டு அடுத்ததுக்கு போயிருங்க, சோகக்கதையா இழுக்க வேண்டாம். டெக்னிக்கலா தெரியாததை கேட்டா "தெரியல சார், ஆனா இதுவரைக்கும் தெரியும்"னு தெரிஞ்ச வரைக்கும் சொல்லி நிறுத்துங்க. மெஷின் முன்னாடி தெரியாததை தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறவன் விரலை விட்ருவான், அந்த பயம் எங்களுக்கு எப்பவும் உண்டு.

பழைய கம்பெனியை திட்டாதீங்க. அவங்க மேலயே தப்பு இருந்தாலும் "அங்க வளர வழி இல்ல சார்"னு முடிச்சுக்கங்க. நாளைக்கு எங்களையும் இப்படித்தான் பேசுவான்னு தோணிருச்சுன்னா மேல யோசிக்கவே மாட்டோம்.

கத்துக்குற ஆர்வத்தை காட்டணும்னா தானா கத்துக்கிட்டது ஒன்னை வச்சிருங்க, அப்பாவோட பழைய வண்டி கார்புரேட்டரை பிரிச்சு மாட்டுனதா இருந்தாலும் சரி, எக்செல்ல வி-லுக்கப் (VLOOKUP) ஃபார்முலா வச்சு கடை கணக்கு போட்டதா இருந்தாலும் சரி.

படி 5: போற அன்னைக்கு

கப்பலூர்னா பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து திருமங்கலம் பஸ் ஏறுனா வந்துரலாம், ஆனா டோல்கேட் பக்கம் எப்ப நெரியும்னு சொல்ல முடியாது. முந்துன நாளே ஒரு தடவை வந்து கேட்டை பாத்துட்டுப் போறது உத்தமம். அரை மணி நேரம் முன்னாடி வந்து வெளிய நில்லுங்க, பத்து நிமிஷம் முன்னாடி உள்ள போங்க. நடுவுல எதுவும் ஆயிட்டா போன் பண்ணி சொல்லுங்க, லேட்டா வந்துட்டு "டிராபிக் சார்"ங்குறதை எல்லாரும் சொல்றாய்ங்க. அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு எவனும் இங்க இன்டர்வியூ வைக்க மாட்டான், மத்த நாளுக்கெல்லாம் டிராபிக் தெரிஞ்ச விஷயம்தான.

உங்க இன்டர்வியூ செக்யூரிட்டி கேபின்லயே ஆரம்பிச்சிருச்சுன்னு வைங்க. ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடும்போது அங்க இருக்குற பெரியவரை எப்படி பேசுறீங்க, ரிசப்ஷன் மேடத்துகிட்ட "இன்னும் எம்புட்டு நேரம்"னு எரிஞ்சு விழுறீங்களாங்கிறதெல்லாம் உள்ள வந்துரும். நான் நிறைய தடவை சாயங்காலம் செக்யூரிட்டி அண்ணன்கிட்ட "காலைல வந்தவய்ங்கள்ல யாருண்ணே தேறும்"னு கேட்டிருக்கேன்.

டிரஸ் பத்தி நீட்ட வேண்டியதில்ல. இஸ்திரி போட்ட சட்டை, துடைச்ச ஷூ, பொண்ணுகன்னா வசதியான சுடிதாரோ சேலையோ, சென்ட்டை கொட்டிக்கிட்டு வராதீங்க. ஆனா முதல் பார்வை லேசுப்பட்டது இல்ல. தார்ன்டைக்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1920லயே எழுதி வச்சாரு, ராணுவ அதிகாரிகளுக்கு மேலதிகாரிக போட்ட மார்க்கை பாத்தா, உடல்வாகு நல்லா இருக்குன்னு சொன்ன ஆளுக்கே அறிவு, தலைமை, குணம் எல்லாத்துலயும் தூக்கி குடுத்திருந்தாங்களாம். அதுக்கு ஹேலோ எஃபெக்ட்னு பேரு. பேனல்ல இருக்குற எங்களுக்கும் அந்த வியாதி உண்டு, அதனால உள்ள நுழையுற மொத நிமிஷத்தை வீணாக்காதீங்க: கதவை தட்டிட்டு வந்து, எல்லாரையும் பாத்து வணக்கம் சொல்லி, உக்கார சொன்னதும் உக்காருங்க. வெளிய எல்லாரும் அண்ணன் தம்பியா இருக்கலாம், உள்ள சார், மேடம்தான்.

போன்ல வீடியோ இன்டர்வியூன்னா செல்லை எதுலயாச்சும் சாய்ச்சு நிறுத்துங்க, கைல புடிச்சா ஆடும். குக்கர் விசில் வராத ரூமா பாத்துக்கங்க.

படி 6: இங்கிலீஷ் பயம்

தமிழ் மீடியம் பிள்ளைக பாதி உயிரை இங்கயே விட்ருது. "மைசெல்ஃப்"ல ஆரம்பிச்சு நேட்டிவ் பிளேஸ் உசிலம்பட்டி, ஃபாதர் நேம், மதர் நேம், ஹாபி பிளேயிங் கிரிக்கெட்னு ரயில் மாதிரி ஓடி முடிச்சுட்டு மூச்சு வாங்கும். அதுல எனக்கு வேண்டியது ஒன்னும் இல்ல. பேரு, ஊரு, படிப்பு ஒரு வரி, செஞ்ச பிராஜெக்ட் இல்ல வேலை ரெண்டு வரி, இந்த சீட்டுக்கு ஏன் வந்தேன்னு ஒரு வரி, போதும். உற்பத்தி கம்பெனிகள்ல "சார், இதை தமிழ்ல சொல்லட்டுமா"ன்னு கேட்டா பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவாங்க, அப்படி கேக்குறதே ஒரு தெளிவு. கால் சென்டர், கிளையன்ட்கிட்ட பேசுற ஐடி வேலைன்னா அது நடக்காது, தப்பும் தவறுமா இருந்தாலும் சின்ன சின்ன வாக்கியமா இங்கிலீஷ்லயே பேசிப் பழகித்தான் ஆகணும்.

பழகுறதுக்கு எடம் வேணுமா, புதூர்ல இருக்குற மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துற தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்கு போங்க. ஒரே எடத்துல பல கம்பெனி உக்காந்திருக்கும், வேலை கிடைச்சா லாபம், கிடைக்கலைன்னாலும் தெரியாத ஆளு முன்னாடி உக்காந்து பேசுன பழக்கம் வந்துரும். காலேஜ்ல படிச்சுக்கிட்டு இருக்குறவங்க 2022ல அரசாங்கம் ஆரம்பிச்ச நான் முதல்வன் கோர்ஸை சர்டிபிகேட்டுக்காக மட்டும் ஓட்டாம, அதுல செய்ய சொல்ற பிராஜெக்டை உருப்படியா செஞ்சீங்கன்னா படி 2க்கு ஒரு சாட்சி ரெடி.

படி 7: அவங்க உங்ககிட்ட "எதும் கேக்கணுமா"ன்னு கேக்கும்போது

"நத்திங் சார்"னு எந்திரிக்காதீங்க. "மொத மூணு மாசத்துல நான் என்ன கத்துக்கணும்னு எதிர்பாப்பீங்க?", "இந்த சீட்ல இருக்குறவங்களுக்கு கஷ்டமான விஷயம் எது?" இப்படி வேலை சம்பந்தமா ஒன்னு கேட்டுட்டு அப்புறம் வேன் ரூட்டு, கேன்டீனெல்லாம் கேளுங்க.

சம்பளம் எவ்வளவு எதிர்பாக்குறீங்கன்னா "நீங்க பாத்து போடுங்க சார்"னு சொல்றது பணிவு மாதிரி இருக்கும், ஆனா விவரம் இல்லாத ஆளுன்னும் தெரியும். பக்கத்து கம்பெனிகள்ல இதே வேலைக்கு என்ன தர்றாங்கன்னு விசாரிச்சு ஒரு தொகை சொல்லுங்க. சிடிசி, அதாவது கம்பெனி உங்களுக்காக செலவழிக்கிற மொத்த தொகை வேற, கைக்கு வர்றது வேற: பேசிக்ல 12 சதவீதம் பிஎஃப்க்கு (வருங்கால வைப்பு நிதி) போகும், மாச சம்பளம் 21,000க்குள்ளன்னா இஎஸ்ஐக்கு (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம் பிடிப்பாங்க. இதை தெரிஞ்சு வச்சுக்கிட்டு "கைக்கு எவ்வளவு சார் வரும்"னு நிதானமா கேக்குறவன் மேல மரியாதைதான் கூடும்.

படி 8: வெளிய வந்த பொறவு

அன்னைக்கு சாயங்காலமே எச்ஆருக்கு ரெண்டு வரி நன்றி மெசேஜ், குட்மார்னிங் போட்டோவெல்லாம் வேண்டாம். சொன்ன தேதி தாண்டியும் தகவல் வரலைன்னா ஒரே ஒரு தடவை போன் பண்ணி கேளுங்க. எடுக்கலைன்னு சொல்லிட்டா "எதுல சார் கொறைச்சல்"னு மரியாதையா கேட்டுப் பாருங்க, எல்லாரும் சொல்ல மாட்டாங்க, சொல்றவங்க சொல்றது தங்கம். எங்ககிட்ட அப்படி கேட்ட பொண்ணு ஒன்னை அடுத்த வேகன்சிக்கு நாங்களே கூப்பிட்டு எடுத்தோம்.

எடுத்துட்டாங்கன்னா ரெண்டு விஷயம். சேர்றேன்னு சொல்லிட்டு வேற எடத்துல சேந்துட்டீங்கன்னா ஒரு போனாவது பண்ணி சொல்லிருங்க. போனை ஆஃப் பண்ணிட்டு காணாம போறவனோட பேரு மதுரைல எச்ஆருங்க நடுவுல வெரசா சுத்திரும், இங்க வட்டம் சின்னது. ரெண்டாவது, சேர டெபாசிட் கட்டு, டிரெய்னிங் பீஸ் கட்டுன்னு எவனாச்சும் கேட்டா பைலை எடுத்துக்கிட்டு கெளம்பிருங்க. ஆபர் லெட்டர் கைக்கு வந்ததும் பதவி, சம்பளம், சேர்ற தேதி, பாண்டு (நடுவுல விட்டுப் போகமாட்டேன்னு எழுதிக் குடுக்குறது) எத்தனை வருஷம்னு வரி வரியா படிச்சுட்டு கையெழுத்து போடுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வச்சுக்குவோம்னு சொன்னா, "சரிபாத்துட்டு இப்பவே திருப்பிக் குடுத்துருங்க சார், ஜெராக்ஸ்ல கையெழுத்து போட்டுத் தர்றேன்"னு கேளுங்க, அதுக்கு ஒத்துக்கலைன்னா வீட்ல பேசிட்டு நாளைக்கு சொல்றேன்னு வந்துருங்க.